ஒரு மயிலின் எடை

ஒன்பதாவது கதவுப் பலகை வாசற்படிக் காடியில் உரசிக்கொண்டே போய்க் கடைசி மூலையில் முட்டி நிற்கிறது, தெரு வெளிச்சம் ஒரு முழம் குறைகிறது, நூல்கண்டு அடுக்கில் முதலில் கறுப்பது பச்சைகள்தான், பிறகு நீலம், அடுத்தது எட்டாம் பலகை, அதன் அடிப்பக்கம் மழைக்கு உப்பியது, முழங்காலால் ஓர் இடி கொடுத்தால்தான் நகரும், கொடுக்கிறேன், நகர்கிறது, காலை எட்டரை மணிக்குக் கடைக்கு உள்ளே நின்றுகொண்டு கடையைச் சாத்துகிறவன் இந்த மார்க்கெட் கட்டிய நாளிலிருந்து நான் ஒருவனாகத்தான் இருப்பேன், வெளியே மற்ற கடைக்காரர்கள் சாமான்களை அட்டைப்பெட்டிகளில் அடுக்குகிறார்கள், அடுக்கியதை மறுபடி வெளியே எடுத்து வைக்கிறார்கள், மூட்டை கட்டுவதா வேண்டாமா என்று அவர்களுக்கும் தெரியாது, ஏனென்றால் பத்தரைக்குக் கோர்ட், நூறு வயது தாண்டிய இந்தக் கட்டடம் ஆபத்தானது, இடித்துவிட்டு வணிக வளாகம் கட்டப்போகிறோம் என்கிறது நகராட்சி, ஆபத்துக்கு ஆதாரமாக அவர்கள் காட்டுவது ஒரே ஒரு காகிதம், அதில் இருப்பது என் கையெழுத்து, என் மனைவி வைஜெயந்தி பழைய மேற்கூரை இடிந்து விழுந்து இறந்தாள் என்று அதில் எழுதியிருக்கிறது, அவள் இறந்தது உண்மை, விழுந்தது மேற்கூரை அல்ல, அது எனக்குத் தெரியும், பக்கத்தில் இருந்தவன் நான் ஒருவன்தான், பத்தரைக்குள் போய்ச் சொன்னால் இடிப்பது நிற்கலாம், சொல்லாவிட்டால் மதியம் பொக்லைன் வரும், ஏழாம் பலகையைத் தூக்குகிறேன்.

ஒவ்வொரு பலகையின் உள்பக்கத்திலும் ஓர் எண், சிவப்பு நெயில் பாலிஷில், அவள் போட்டது, ஏழுக்கு நடுவில் ஒரு குறுக்குக்கோடு இழுத்திருப்பாள், கணக்கு படித்தவர்கள் அப்படித்தான் போடுவார்களாம், கல்லூரியில் அவள் கணக்கு, நான் வணிகவியல், ஒரே பஸ், கல்யாணத்துக்குப் பிறகு அவளுடைய அப்பாவின் இந்த இருபத்தேழாம் நம்பர் கடை எங்களுக்கு வந்தது, பட்டன், லேஸ், நூல், ஊசி, புடவைக்கு ஏற்ற ஃபால்ஸ், தையற்காரர்களுக்கு வேண்டிய எல்லாம், பலகைகளுக்குப் பழைய எண்கள் இருந்தன, வெளிப்பக்கத்தில் உளியால் கொத்தியவை, போன வருஷத்துக்கு முந்தின வருஷம் நகரை அழகுபடுத்தும் திட்டம் என்று நகராட்சி ஆட்கள் வந்து நாற்பத்திரண்டு கடைப் பலகைகளுக்கும் மஞ்சள் பெயிண்ட் அடித்தார்கள், அடிக்கும் முன்னால் பள்ளம் மேடு தெரியாமல் மக்கு வைத்து இழைத்தார்கள், எண்கள் போய்விட்டன, அன்று சாயங்காலம் மார்க்கெட்டில் ஒருவராலும் கடை சாத்த முடியவில்லை, ஒவ்வொரு பலகையும் ஒவ்வொரு விதமாக வளைந்தது, தன் இடத்தில் மட்டும்தான் உட்காரும், எதிர்க்கடையில் கயிறும் கூடையும் விற்கிற மரியபுஷ்பம் அக்கா பலகையைத் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டு, அட அழகுபடுத்துன பயலுகளா, ஒரு பயலாச்சும் வந்து சாத்திட்டுப் போங்கடா என்று கத்தினாள், எல்லோரும் சிரித்தார்கள், வைஜெயந்தி சிரிக்கவில்லை, கடைக்குள் முக்காலியில் ஏறி உட்கார்ந்து, ஒவ்வொன்றாக என்னைப் பொருத்தச் சொல்லிப் பார்த்து, கைப்பையிலிருந்து நெயில் பாலிஷை எடுத்து எண் போட்டாள், மறுநாள் நான் வெளியே நின்று ஒன்றிலிருந்து சாத்தத் தொடங்கினேன், எதுவும் உட்காரவில்லை, வேர்த்துக் கொட்டியது, என்னடி தலைகீழா போட்டு வச்சிருக்க என்றேன், அவள் உள்ளே இருந்து, நீ அங்கிட்டு நின்னு பாத்தா அப்பிடித்தான் தெரியும், நான் இங்கிட்டு உக்காந்துல்ல எண்ணுனேன் என்றாள், ஊரே வெளியே நின்னுதான் கடை சாத்துது என்றேன், அதற்கு அவள், கடை சாத்துறதுக்கா இருக்கு, திறக்குறதுக்கு, திறக்கும்போது பாரு, ஒண்ணு ரெண்டு மூணுன்னு வரும் என்றாள், வந்தது, அன்றிலிருந்து காலையில் ஒன்றிலிருந்து ஒன்பது, சாயங்காலம் ஒன்பதிலிருந்து ஒன்று, அக்கா எதிர்க்கடையிலிருந்து ராக்கெட் விடுறாங்கப்பா ராக்கெட் என்பாள், ஆறு, ஐந்து, இப்போது நீலங்களும் போய்விட்டன.

பெயிண்டுக்குப் பிறகு மயில் வந்தது, தாழ்வாரத்தின் ஒவ்வொரு வளைவுக்கும் உச்சியில் ஒரு சிமெண்ட் மயில், லாரியில் வைக்கோலுக்குள் படுத்துக்கொண்டு வந்தன, இரண்டு பேர் தூக்கமுடியாமல் கயிறு கட்டி ஏற்றினார்கள், கழுத்துக்கு நீலப் பெயிண்ட் அங்கேயே சாரத்தில் உட்கார்ந்து அடித்தார்கள், இது மயிலா, கழுத்துப் பிடிச்சுக்கிட்ட வாத்தா என்றாள் வைஜெயந்தி, வாத்துன்னா முட்டையாச்சும் போடும் கண்ணு என்றாள் மரியபுஷ்பம் அக்கா, பிறகு ஒருநாள் வைஜெயந்தி அண்ணாந்து பார்த்துக்கொண்டே வெகுநேரம் நின்றாள், கழுத்து வலிக்காதா என்று கேட்டேன், பழைய செங்கல், சுண்ணாம்புக் காரை, அதுமேல இம்புட்டுக் கனத்தை ஆணி அடிச்சு நிப்பாட்டியிருக்காங்க, கட்டடம் நூறு வருஷமா ஒண்ணும் பண்ணல, இவங்க பண்ணிட்டுப் போயிருவாங்க என்றாள், ஆடி மாதம் தொடங்கி மனு மேல் மனு, தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் கடைசியாக ஒன்று போட்டாள், தபாலில் சேர்க்கும் முன்னால் எனக்குப் படித்துக் காட்டினாள், நான் போனைப் பார்த்துக்கொண்டே கேட்டேன், கேள்வி ஒன்று, ஒரு மயிலின் எடை எத்தனை கிலோ, கேள்வி இரண்டு, அதைத் தாங்கும் வளைவின் வயது என்ன, கேள்வி மூன்று, இரண்டையும் சேர்த்துக் கணக்குப் பார்த்த பொறியாளரின் பெயர் என்ன, மூணே கேள்வியா என்றேன், மூணு போதும், நாலாவதா ஒண்ணு கேட்டா அதுக்கு மட்டும் பதில் சொல்லிட்டு விட்ருவாங்க என்றாள்.

அதைத் தபாலில் சேர்த்துப் பன்னிரண்டாம் நாள், மூன்று நாள் மழை விட்டு மதியம் கொஞ்சம் வெயில், பஜார் டெய்லர் ஒரு துணித்துண்டு கொடுத்தனுப்பியிருந்தார், அதற்குச் சரியான மஞ்சள் நூல் வேண்டும், எங்கள் தொழிலில் நிறத்தைக் கடைக்குள் வைத்துப் பார்க்கமாட்டார்கள், டியூப்லைட் பொய் சொல்லும், தாழ்வாரத்தின் விளிம்புக்குப் போய் வெயிலில் நூலையும் துணியையும் சேர்த்துப் பிடிக்க வேண்டும், போயிட்டு வாயேன், எனக்குக் கால் வலிக்குது என்றாள், நான் எழுந்திருக்கவில்லை, நீயே போய்ப் பாரு, எனக்கு மஞ்சள் எல்லாம் ஒண்ணுதான் என்றேன், அவள் மஞ்சள் கண்டுகள் மூன்றை விரலிடுக்கில் செருகிக்கொண்டு போனாள், வெயிலில் கையை உயர்த்தினாள், ஒரு கண்ணை மூடினாள், அதுதான், அதற்குப் பிறகு சத்தம், தூசி, தூசிக்குள் நீலம், நான் தூக்கிய முதல் பொருள் மயிலின் கழுத்து, அது அத்தனை கனமாக இருக்கும் என்று எதிர்பார்க்கவில்லை, என் உள்ளங்கையில் அந்த நீலம் ஒட்டியிருந்தது, ஆஸ்பத்திரியில் ஒரு நர்ஸ் ஸ்பிரிட் ஊற்றித் துடைத்தாள், போகவில்லை, மறுநாள் வைஜெயந்தியை எடுத்துக்கொண்டு மார்க்கெட் வழியாக வந்தபோது எல்லாக் கடையிலும் மூன்று மூன்று பலகை சாத்தியிருந்தார்கள், இங்கே யார் இறந்தாலும் ஊர்வலம் கடக்கும்வரை அப்படித்தான் செய்வார்கள், எண் தெரியாததால் பலகைகள் கோணல்மாணலாக நின்றன, அதை அவளிடம் சொல்லவேண்டும் என்று நினைத்தேன், நினைத்துக்கொண்டே நடந்தேன், ஒரு வாரத்துக்குள் மீதி மயில்களை எல்லாம் நகராட்சியே இறக்கி லாரியில் கொண்டுபோய்விட்டது, வளைவுகளைப் பூசி மெழுகிவிட்டார்கள், பதினாறாம் நாள் காரியத்துக்கு நகராட்சி ஓவர்சியர் தனுஷ்கோடி வந்தார், சாப்பிட்டார், கை கழுவிவிட்டு என் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டு ஒரு காகிதத்தை நீட்டி, தம்பி, இது சும்மா சம்பிரதாயம், நிவாரணம் வரணும்னா இப்பிடித்தான் எழுதணும், படிச்சுப் பாக்கணும்னா பாருங்க என்றார், நான் பார்க்கவில்லை, கையெழுத்துப் போட்டேன், இலைகளை எடுத்துக்கொண்டிருந்தார்கள், பேனா அவருடையது, அதைத் திருப்பிக் கொடுக்க மறந்து என் சட்டைப்பையில் செருகிக்கொண்டேன், அது இன்னும் என்னிடம் இருக்கிறது.

நான்கு, மூன்று, இப்போது அடுக்குகளில் நிறம் என்று எதுவும் இல்லை, நேற்று மரியபுஷ்பம் அக்கா வந்து இதே முக்காலியில் உட்கார்ந்தாள், நாங்க எத்தனை பேர் சொன்னாலும் கடைக்காகப் பேசுறோம்னு அந்த நகராட்சி வக்கீல் சொல்லுறான்ப்பா, அன்னைக்குக் கூட இருந்தது நீ ஒருத்தன், நீ வாயைத் திறக்காட்டி கூரைதான் விழுந்துச்சுன்னு ஆயிரும் என்றாள், ஆகட்டுங்கா என்றேன், எனக்கு இந்தக் கட்டடம் இருந்தால் என்ன, போனால் என்ன, உண்மையில் போனால் நல்லது, இந்த வளைவைத் தினமும் அண்ணாந்து பார்க்காமல் இருக்கலாம், அக்கா என்னையே பார்த்தாள், அவ பேரைச் சொல்லி இடிப்பாங்க, அவ காப்பாத்தணும்னு நின்ன கட்டடத்தை, உனக்கு உறுத்தலயா என்றாள், எனக்கு எதுவுமே உறுத்தவில்லை, சாப்பாட்டில் உப்பு இருக்கிறதா இல்லையா என்பதே தெரிவதில்லை, நீயும் ஒரு சிமெண்ட் பொம்மைதான்ப்பா என்று சொல்லிவிட்டு எழுந்து போனாள், போகும்போது கண்ணைத் துடைத்துக்கொண்டாள், அது வைஜெயந்திக்காகவா எனக்காகவா என்று தெரியவில்லை, நான் அவளிடம் சொல்லாதது ஒன்று இருக்கிறது, வாய் திறந்தால் மயில் விழுந்தது என்பதோடு நிறுத்தமுடியாது, வைஜெயந்தி எதற்கு அங்கே போனாள் என்று கேட்பார்கள், யார் போகச் சொன்னது என்று கேட்பார்கள்.

இரண்டு, பிறகு ஒன்று, சாத்தியாகிவிட்டது, இருட்டு, முழு இருட்டு இல்லை, வளைந்த பலகைகளுக்கு நடுவே மெல்லிய கோடுகளாக வெயில், நான் தரையில் உட்கார்ந்தேன், ஏதோ கையில் பட்டது என்று பார்த்தால் பட்டன் டப்பா, அதன் அடியில் அந்தக் கடிதம், அவள் போய் இருபது நாள் கழித்து அவள் பெயருக்கு வந்தது, தபால்காரர் தயங்கித் தயங்கி நீட்டினார், வைஜெயந்திக்காக என்று எழுதிக் கையெழுத்துப் போட்டு வாங்கினேன், பிரித்துப் படித்தேன், மடித்து வைத்துவிட்டேன், எதுவும் தோன்றவில்லை, இப்போது வெயில் கோட்டில் பிடித்துப் படிக்கிறேன், தாங்கள் கோரிய தகவல்களில் வரிசை எண் ஒன்று, மயில் உருவத்தின் எடை குறித்த பதிவு ஏதும் இவ்வலுவலகத்தில் இல்லை, அன்றைக்கும் படித்த வரிதான், இன்றைக்கு என் இரண்டு கைகளுக்கும் அது கேட்டுவிட்டது, முழங்கையிலிருந்து தோள்வரை அந்தக் கனம் ஏறுகிறது, பதிவு இல்லை என்கிறார்கள், என் கையில் இருக்கிறதே, அவள் கேட்ட முதல் கேள்விக்குப் பதில் தெரிந்தவன் இந்த ஊரில் நான் மட்டும்தான், தலை நிமிர்ந்தேன், அவள் உட்காரும் பக்கத்திலிருந்து பார்த்தால் எண்கள் வரிசையாக நிற்கின்றன, இடமிருந்து வலமாக, ஒன்று இரண்டு மூன்று, ஏழின் நடுவில் குறுக்குக்கோடு, எதுவும் தலைகீழாக இல்லை, ஓவர்சியரின் பேனாவை எடுத்துக் கடிதத்தின் பின்பக்கம் எழுதினேன், விழுந்தது மயில், பழைய கூரையிலிருந்து ஒரு கல்லும் விழவில்லை, மயிலின் கழுத்தை நான் தூக்கினேன், அது ஒரு மூட்டை அரிசியைவிடக் கனம், நூலின் நிறம் பார்க்க அவளை வெயிலுக்குப் போகச் சொன்னது நான், அவள் என்னைத்தான் போகச் சொன்னாள், நான் எழுந்திருக்கவில்லை, முன்பு கொடுத்த காகிதத்தைப் படிக்காமல் கையெழுத்துப் போட்டேன், இதைப் படித்துவிட்டுப் போடுகிறேன், எழுதி முடித்தபோது எழுத்துகள் நனைந்து கலங்கின, மழை இல்லை, கூரை ஒழுகவும் இல்லை.

பலகையில் தட்டுகிறார்கள், ஏ தம்பி, உள்ள என்னப்பா பண்ற, பயமா இருக்கு, திறப்பா என்று அக்காவின் குரல், மணி ஒன்பதே முக்கால் இருக்கும், திறக்கிறேங்கா என்றேன், ஒன்றை எடுத்தேன், ஒரு முழ வெளிச்சம், அதில் அக்காவின் முகம், காகிதத்தை அவள் கையில் கொடுத்தேன், அவளுக்குப் படிக்கத் தெரியாது, என் கண்ணைப் பார்த்துவிட்டு ஆட்டோவைக் கூப்பிடத் திரும்பினாள், ஒரு நிமிஷம் இருங்கக்கா, கடையைத் திறந்து வச்சிட்டு வர்றேன் என்றேன், இரண்டு, மூன்று, வாய்விட்டே எண்ணினேன், எட்டுக்கு முழங்காலால் ஓர் இடி, ஒன்பது, கடைசிப் பலகையைச் சுவரில் சாய்த்துவிட்டுத் திரும்பினேன், வெயில் உள்ளே அடுக்குவரைக்கும் வந்திருந்தது, பச்சைகள் வந்தன, நீலங்கள் வந்தன, மேல்தட்டில் மஞ்சள்கள், எலுமிச்சை ஒன்று, மஞ்சள்கிழங்கு ஒன்று, பழுத்த மாம்பழம் ஒன்று, அதற்கும் பக்கத்தில் வெயிலில் காய்ந்த வைக்கோல் ஒன்று, ஒன்றைப்போல் இன்னொன்று இல்லை, எல்லாம் தெரிந்தது, முக்காலி காலியாக இருப்பதும்.