மிதியின் மேல் கரித்துண்டு

நிலக்கரி ரயிலின் ஓட்டுநர் தம் மைத்துனனை எஞ்சினில் ஏற்றிக்கொண்டது பெருமைக்காகத்தான். சுரங்கத்திலிருந்து துறைமுகம் வரை தடத்தைப் படமெடுக்க, ரயில் நிறுவனமே தன் ஆண்டு மலருக்காக அவனை அமர்த்தியிருந்தது. அவனும் எடுத்ததைச் சுடச்சுட அலுவலகத்துக்கு அனுப்பிக்கொண்டே வந்தான்.

"எங்கே, காட்டு மச்சான். தொப்பை தெரியாம எடுத்திருக்கியா?"

காட்டினான். படத்தில் ஓட்டுநர் இல்லை. அவர் காலடியிலிருந்த மிதியும், அதன்மேல் வெயிலில் மின்னிய பெரிய கரித்துண்டுமே இருந்தன.

ஓட்டுநரின் முகம் வெளிறியது. "இதை அனுப்பிட்டியா?"

"அப்பவே. ஏன் அத்தான்?"

"நான் கண்ணசந்தா கால் நழுவும், வண்டி தானா நிக்கும். அதுக்குத்தான் இந்த மிதி. முட்டி வலிக்குதேன்னு காலுக்குப் பதிலா கரியை வச்சேன். எல்லாரும் வைக்கிறதுதான், யாரும் போட்டோ எடுக்கிறதில்ல. என் வேலைக்கே உலை வச்சிட்டியே!"

அவர் கரித்துண்டைத் தள்ளிவிட்டுக் காலை மிதியில் ஊன்றினார். மைத்துனனுக்கு முதலில் அக்காவின் நினைவு வந்தது; பிறகு, இதுவரை கடந்து வந்த லெவல் கிராசிங்குகளும், அங்கே காத்து நின்றவர்களும். யாருக்காகப் பதறுவதென்றே தெரியவில்லை.

அலுவலகத்திலிருந்து அழைத்தார்கள்; எஞ்சின் இரைச்சலில் அவன் ஸ்பீக்கரில் போட்டான்.

"சார், அந்தக் கரித்துண்டுதான் அட்டைப்படம்! பிரமாதம்! ஓட்டுநர் யாரு? பேரைக் கீழே போடணும்."

ஓட்டுநர் வேண்டாமென்று தலையசைத்தார்.

"அந்தப் படத்தை விட்டுடுங்க. அது சரியா வரல," என்றான் அவன். தன் படத்தைத் தானே பழித்தது அதுவே முதல் முறை.

"அதுல என்ன சார் குறை?" என்று மறுமுனையில் கேட்டார்கள்.