வேதப்புத்தகம் ஆற்றோரமாகப் போன காலை

ஸ்காட்லாந்தில் பீபிள்ஸ் ஊரின் பழைய ஆலயத்தைப் போன ஞாயிற்றுக்கிழமையோடு பூட்டிவிட்டார்கள். பதினோரு பேருக்கு அவ்வளவு பெரிய கூரை எதற்கு என்று மேலிடத்தில் கேட்டார்கள். இந்த ஞாயிறு முதல் ஊரின் இரண்டு சபைகளும் ஒன்று. பிரசங்க பீடத்தில் இருந்த பெரிய வேதப்புத்தகத்தை ட்வீட் ஆற்றங்கரையோடு ஒரு மைல் தூரம் கொண்டுபோய் மற்ற ஆலயத்தில் வைக்க வேண்டியதுதான் பாக்கி.

கொண்டுபோக வேண்டியவர் ஆலயத்தைப் பார்த்துக்கொள்ளும் கோயில்குட்டி நினியன் வீச். எழுபத்தாறு வயது. ஆராதனை தொடங்கும்போது புத்தகத்தை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு அவர் முன்னால் நடப்பார். போதகர் வெறுங்கையோடு பின்னால் வருவார். அதுதான் முறை. யாரோ கார் தருகிறேன் என்றதற்கு, "அதுக்கு சீட் பெல்ட் யாரு போட்டுவிடறது?" என்று கேட்டு அனுப்பிவிட்டார்.

ஆகவே நவம்பர் மாதத்துக் காலை எட்டரை மணிக்கு, உறைபனியில் மொறுமொறுக்கும் புல்லை மிதித்தபடி நினியன் முன்னே போக, போதகர் இஷ்பெல் பின்னே போனாள்.

அவளுக்கு ஜெபம் வரவில்லை. மார்ச் மாதம் ஆலயத்தை மூட ஓட்டெடுத்த நாளிலிருந்து வரவில்லை. கோபம் என்றால்கூடப் பரவாயில்லை, கோபத்தில் ஒரு பேச்சு இருக்கிறது. இது அப்படி இல்லை. ஆள் இல்லாத வீட்டின் கதவைத் தட்டுவதுபோல் இருந்தது. எட்டு மாதமாக ஜெப ஏட்டில் இருந்ததைப் படித்துச் சமாளித்துவிட்டாள். படிக்கிற குரலில் நடுக்கம் எங்கே வரவேண்டும் என்றுகூட அவளுக்குத் தெரியும். இன்று பத்தரை மணிக்கு, சேர்ந்து உட்கார்ந்திருக்கும் இரண்டு சபைக்கு முன்னால், ஏடு இல்லாமல் மனதாரச் சொல்ல வேண்டிய ஜெபம். வாயைத் திறந்ததும் எல்லோருக்கும் தெரிந்துவிடும் என்று பயந்தாள்.

"கொஞ்சம் உக்காந்துட்டுப் போலாமா, நினியன்?"

"உக்காந்தா அப்புறம் எந்திரிக்கணும், போதகரம்மா."

"கை வலிக்கலையா?"

"வலிக்குது. வலிக்குதுன்னு சொன்னா எடை குறைஞ்சிடுமா?"

ஆறு புகைந்துகொண்டிருந்தது. மேலே கோட்டை இருக்கும் வளைவில் மூடுபனிக்குள் வெயில் இறங்கி, தண்ணீரா வெளிச்சமா என்று பிரிக்க முடியாத ஏதோ ஒன்று அவர்களோடு கூடவே நகர்ந்து வந்தது. ஞாயிற்றுக்கிழமை சால்மன் மீன் பிடிப்பது அங்கே சட்டப்படி குற்றம். தூண்டில்காரர்கள் யாரும் இல்லாததால் ஆறு இன்னும் அகலமாகத் தெரிந்தது. நாற்பத்தொன்பது வருடமாகப் பார்க்கிற ஆறு. அழகாக இருக்கிறது என்று அவள் மனம் குறித்துக்கொண்டது, மருத்துவச் சீட்டில் குறிப்பதுபோல.

தடுப்பணைக்கு வந்தபோது வழி அடைத்திருந்தது. கம்பி வேலியோரமாக நாற்பது பேருக்குக் குறையாமல் நின்றார்கள். நாய்கள்கூடச் சத்தமில்லாமல் நின்றன. முட்டையிட மேலேறும் சால்மன்கள் அணையைத் தாவிக்கொண்டிருந்தன. நம்முடைய பதினோரு பேர் எங்கே, இது எங்கே என்று இஷ்பெல்லுக்கு வெட்கமாகவும் பொறாமையாகவும் இருந்தது.

நினியனின் பிடி தளர்ந்தது. புத்தகம் ஒரு பக்கம் சரிந்தது. கீழே வைக்கவும் முடியாது, சேறு.

ரொட்டிக் கடை யூனா திரும்பிப் பார்த்தாள். "என்ன பெரியவரே, வீட்டை விட்டு ஓடி வந்துட்டீங்களா, பெட்டியெல்லாம் தூக்கிக்கிட்டு?"

"தள்ளி நில்லு. இது வேதப்புத்தகம்."

"எதுவா இருந்தா என்ன, விழப்போகுது. குடுங்க இங்க. மாவு மூட்டை தூக்குற கை இது."

"நீ கோயில் பக்கம் வந்து எத்தன வருஷம் ஆச்சு?"

"என் கல்யாணத்துக்கு வந்தேன். மாப்பிள்ளைதான் வரவே இல்லையே," என்று சொல்லிக்கொண்டே அவர் கையிலிருந்து வாங்கிவிட்டாள்.

வாங்கிய பிறகு நகர இடமில்லை. "அந்தப் பக்கம் குடுங்கப்பா, பத்திரம்," என்று பக்கத்து ஆளிடம் நீட்டினாள். நாய்ச் சங்கிலியைப் பல்லில் கடித்துக்கொண்டு அவன் இரு கையாலும் வாங்கினான். அவனிடமிருந்து நீலத்தொப்பிப் பெண் ஒருத்தி. பிறகு கழுத்தெல்லாம் பச்சை குத்திய ஒருவன். என்ன ஏது என்று யாரும் கேட்கவில்லை. தண்ணீரிலிருந்து கண்ணை எடுக்காமலே வாங்கி, ஒரு கணம் நெஞ்சோடு சேர்த்துப் பிடித்து, அடுத்தவரிடம் கொடுத்தார்கள். கூட்டத்துக்குப் பின்னாலிருந்த மேட்டில் ஏறி மறுகோடிக்கு வந்துவிட்ட இஷ்பெல்லின் கைக்கு அது கடைசியாக வந்து சேர்ந்தது.

போதகராகி இருபத்திரண்டு வருடம். இந்தப் புத்தகத்தை அவள் தூக்கியதே இல்லை. இவ்வளவு கனக்கும் என்று தெரியாது. தோல் அட்டை வெதுவெதுப்பாக இருந்தது. அத்தனை பேரின் சூடு.

அப்போது அது எழுந்தது. ஒரு பெண் சால்மன், முழங்கையிலிருந்து விரல்நுனி வரை நீளம், செம்பு நிறம். விழும் தண்ணீரின் நடுவே ஏறி, ஏற முடியாமல் அப்படியே நின்றது. உடம்பு முழுக்க அடித்துக்கொள்கிறது; ஆனால் நிற்கிறது. விழுகிற ஆற்றின் மேல் ஓர் உயிர் செங்குத்தாக நிற்கிறது. எவ்வளவு நேரம் என்று இஷ்பெல் பிறகு யோசித்தபோது சொல்ல முடியவில்லை. நாற்பது பேரின் மூச்சும் அதோடு நின்றது. அவளுக்குள் குறித்துக்கொண்டே இருந்த ஒருத்தி குறிப்பதை நிறுத்திவிட்டாள். பிறகு வால் ஒரு முறை துடிக்க, மீன் அணையின் விளிம்பைக் கடந்து மேலே இருந்த அமைதியான நீரில் மறைந்தது.

"ஆண்டவரே," என்றாள் இஷ்பெல்.

கேட்பதற்கு ஒன்றும் இல்லை, சொல்வதற்கும் மேற்கொண்டு இல்லை. அந்த ஒரு சொல்லோடு நெஞ்சு நிறைந்துவிட்டது.

கூட்டத்தை இடித்துக்கொண்டு நினியன் வந்து சேர்ந்தார். "என்னமோ சொன்னீங்களே. தண்ணிச் சத்தத்துல கேக்கல."

"ஜெபம் பண்ணேன்." சொன்ன பிறகுதான் அது உண்மை என்று அவளுக்கே தெரிந்தது.

அவர் அவள் முகத்தைப் பார்த்தார். புத்தகத்துக்காக இரண்டு கையையும் நீட்டினார். அவள் கொடுக்கவில்லை.

"நீங்க முன்னால நடங்க, நினியன்."

"வெறுங்கையோடவா? பாக்குறவங்க என்ன நினைப்பாங்க?"

"நான் இருபத்திரண்டு வருஷமா அப்படித்தானே நடந்தேன்."

நினியன் தொப்பியைச் சரிசெய்துகொண்டு நடந்தார். புத்தகத்தை இறுக அணைத்தபடி, அவர் காலடி பார்த்து, அவள் பின்னால் போனாள்.