முடிஞ்சுதுன்னு சொன்ன பிறகு

குட்டிக்கு மனிதர்களைப் படம் எடுக்கப் பயம். பூ, பூட்டு, படிக்கட்டு, தூங்குகிற நாய் என்றால் கை நடுங்காது. ஆள் ஒருவர் எதிரே வந்து உட்கார்ந்து "ம், எடு" என்று சொல்லிவிட்டால் கற்றதெல்லாம் காற்றில் போய்விடும். இத்தனைக்கும் பகலெல்லாம் மூக்குக்கண்ணாடிக் கடையில், முன்பின் தெரியாதவர்களின் காதுக்குப் பின்னால் விரலை விட்டு பிரேமைச் சரிசெய்கிறவள். அங்கே அவள் பார்ப்பது காதையும் மூக்கையும்தான், முகத்தை அல்ல. அந்தக் கூச்சம் போகட்டும் என்றுதான் மாலை வகுப்பில் சேர்ந்தாள். சேர்ந்த பிறகு பயம் கூடியதே தவிரக் குறையவில்லை.

அந்த வாரப் பாடம், இருவர் படம். ஒரே படத்தில் இரண்டு முகங்கள், நான்கு கண்களும் துல்லியமாக விழ வேண்டும். கூடவே வகுப்பு எடுக்கும் அம்மாள் ஓர் உபாயமும் சொன்னார். "எடுக்கறப்ப எல்லாரும் போட்டோ மூஞ்சியை மாட்டிக்கிட்டுதான் உட்காருவாங்க. 'முடிஞ்சுது'ன்னு சொல்லுங்க. ஆனா நிறுத்தாதீங்க. அதுக்கப்புறம் விழற நாலு படத்துலதான் நிஜ ஆள் இருப்பாங்க."

"அப்ப அதுக்கு முன்னாடி உட்கார்ந்திருந்தது யாரு மேடம், ஆவியா?" என்று கேட்டு, வகுப்பில் படிக்கிற பஸ் டிரைவர் ஒருவர் எல்லாரையும் சிரிக்க வைத்தார். குட்டி மட்டும் சிரிக்கவில்லை. முடிந்தது என்று சொல்லிவிட்டு எடுப்பது ஏமாற்று வேலை இல்லையா என்று யோசித்துக்கொண்டிருந்தாள்.

இருவர் என்றதும் அவளுக்குத் தோன்றியது அக்காவும் அத்தானும்தான். அத்தானைப் பிடிக்காதவர்கள் கிடையாது. டிரைவிங் ஸ்கூலில் கார் கற்றுக்கொடுக்கிறவர். சுவரில் முட்டப் போகிறவர்களிடம்கூடக் குரலை உயர்த்தமாட்டார். "பயப்படாம ஓட்டுங்க, பிரேக் என் காலடியிலயும் ஒண்ணு இருக்கு" என்பார். விளக்கு வைத்துத் தேடினாலும் இப்படியொரு மாப்பிள்ளை கிடைக்கமாட்டார் என்று குட்டியின் அம்மா போகிறவர் வருகிறவரிடமெல்லாம் சொல்வாள். அக்காதான் முன்போல அம்மா வீட்டுக்கு வருவதில்லை. கேட்டால் வேலை இருந்தது என்பாள்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், அக்கா குடியிருக்கும் மூன்றாம் மாடி வீட்டின் ஹாலில், ஜன்னலோரமாக இரண்டு நாற்காலிகளைப் போட்டாள் குட்டி. கேமராவை ஸ்டாண்டில் பூட்டி, ஒயர் வைத்த ரிமோட்டைக் கையில் எடுத்துக்கொண்டாள். கிளிக் சத்தம் கேட்டால் ஆட்கள் விறைத்துப்போவார்கள் என்று வகுப்பில் சொல்லியிருந்ததால் சத்தத்தை அணைத்துவைத்தாள். வெளிச்சம் பக்கவாட்டில். ஃபோகஸ் கண்ணில். கழுத்தோடு வெட்டாதே. உதடு மந்திரம்போல முணுமுணுத்தது.

"என்ன கேமராக்காரி, பாஸ்போர்ட்டுக்கா பத்திரிகைக்கா?" என்றார் அத்தான்.

"வீட்டுப்பாடம் அத்தான். மார்க் போடுவாங்க."

"அப்ப உங்க அக்காவைச் சிரிக்கச் சொல்லு. உன் மார்க்குல கை வைக்கப்போறவ அவதான்."

அக்கா சிரித்தாள். சொன்ன மாத்திரத்தில் சிரித்தாள்.

"அக்கா, கொஞ்சம் ஒட்டி உட்காரேன்."

அக்கா நாற்காலியை நகர்த்திப் போட்டாள். பிறகு அதன் மறுகோடியில் உட்கார்ந்துகொண்டாள். இரண்டு பேரும் அடையாள அட்டைக்கு உட்கார்ந்தவர்களைப் போலவே படத்தில் விழுந்தார்கள். தனக்கு ஆட்களை உட்காரவைக்கத் தெரியவில்லை என்று குட்டி தன்னையே நொந்துகொண்டாள். கடைசியில், "முடிஞ்சுது, தேங்க்ஸ்" என்று சொல்லிவிட்டுக் கீழே குனிந்து பையின் ஜிப்போடு மல்லுக்கட்டுவதுபோல் பாவனை செய்தாள். ரிமோட்டை மட்டும் விடாமல் அழுத்தினாள். திருடுகிற மாதிரி இருந்தது.

"உங்க கண்ணாடியில ஜன்னல் பளபளன்னு அடிக்குது அத்தான்" என்றாள், எதையாவது பேச வேண்டுமே என்று. அத்தான் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், போட்டுக்கொண்டார், சோம்பல் முறித்தார். அக்கா டீ போட எழுந்து போனாள். அத்தானுக்கு ஒரு போன் வந்தது. லைசென்ஸ் டெஸ்டுக்குப் பயந்த யாரோ ஒருவருக்குத் தைரியம் சொல்லிக்கொண்டே பால்கனிக்கு நகர்ந்தார்.

குட்டி படங்களை வரிசையாகப் பார்த்தாள். ஒவ்வொன்றிலும் கண் இருக்கும் இடத்தைத் திரையில் பெரிதாக்கி, துல்லியமாக இருக்கிறதா என்று சோதிப்பது அவள் வழக்கம். முடிந்தது என்று சொன்ன பிறகு விழுந்த முதல் படத்தில் அக்காவின் கண்கள் மூடியிருந்தன. கண் சிமிட்டியிருக்கிறாள், சரியான நேரத்தில் அழுத்தத் தெரியவில்லை எனக்கு, என்று நினைத்தாள். அடுத்ததிலும் மூடியிருந்தன. படத்தைச் சிறிதாக்கினாள். அத்தானின் கை கண்ணாடியைக் கழற்ற மேலே போகிறது. அக்காவின் தோள் காதுவரை ஏறியிருக்கிறது. தாடை கழுத்துக்குள் புதைந்திருக்கிறது.

அடுத்த படம். கை கீழே இறங்கியிருந்தது. அக்காவின் கண்கள் திறந்திருந்தன, அந்தக் கையின் மேல்.

அதற்கடுத்த, கடைசிப் படத்தில் அத்தான் கண்ணாடியைக் கழற்றவும் இல்லை, தலையைக் கோதவும் இல்லை. கையைச் சும்மா பாதிவரை தூக்கியிருந்தார். அக்கா முழங்கையால் முகத்தை மறைத்துச் சுருண்டிருந்தாள். அவளைப் பார்த்து அத்தான் லேசாகச் சிரித்துக்கொண்டிருந்தார். ஸ்விட்சைப் போட்டு, விளக்கு எரிகிறதா என்று பார்த்துக்கொள்கிறவரின் திருப்தி அந்தச் சிரிப்பில் இருந்தது.

குட்டி தான் பார்த்ததை உடனே நம்புகிற ஜாதி அல்ல. விளையாட்டாக இருக்கலாம், நேற்றுக் கேமரா பிடித்தவளுக்கு என்ன தெரியும் என்று மறுபடி முதலிலிருந்து பார்த்தாள். எத்தனை தரம் பார்த்தாலும் அதே தோள், அதே முழங்கை.

பால்கனியிலிருந்து குரல் வந்தது. "கொண்டா குட்டி, பார்க்கலாம். எல்லாத்தையும் காட்டணும், ஆமா."

அந்தக் கேமராவில் படம் பார்க்கப் போனால் கடைசியாக எடுத்ததுதான் முதலில் வரும். அவர் கண்ணில் முதலில் படப்போவது அவருடைய அந்தச் சிரிப்பு. குட்டி பார்த்துவிட்டாள் என்பது அவருக்குத் தெரிந்துவிடும். சாயங்காலம் குட்டி தன் வீட்டுக்குப் போய்விடுவாள். அக்கா இங்கேயே இருப்பாள். கட்டை விரல் அழிக்கிற பட்டன் மேல் போய் நின்றது. அழித்தால் ஆபத்து இல்லை. ஆனால் நாளைக் காலையில், தான் எதையோ கற்பனை செய்துகொண்டோம் என்று அவளே சத்தியம் செய்வாள். அவளுக்குத் தன்னைத் தெரியும். விரலை எடுத்துவிட்டாள்.

"இருங்க அத்தான்" என்றாள். "உங்க ஸ்கூல் போர்டுக்குத் தனியா ஒண்ணு எடுத்துத் தரேன். அதையும் சேர்த்துப் பார்க்கலாம்."

"அட, சம்பளம் கேட்கமாட்டியே?" என்று வந்து உட்கார்ந்தார். குட்டி நாற்காலியை ஜன்னலைப் பார்க்கத் திருப்பி, ஸ்டாண்டையும் அதற்கு எதிரே நகர்த்தினாள். வாசல் கதவு அவருக்கு முதுகுப்பக்கம் வந்தது. அக்கா டீத் தட்டோடு உள்ளே நுழைந்தாள்.

"கண்ணை மூடிக்குங்க அத்தான். நான் சொல்றப்ப டக்குனு திறக்கணும். அப்பதான் பார்வை உயிரோட இருக்குமாம். வகுப்புல சொன்னாங்க." அது பொய் இல்லை. உண்மையிலேயே சொல்லியிருந்தார்கள்.

அத்தான் கண்ணை மூடினார். மூடிய இமைகளின் மேல் வெயில் விழுந்தது. குட்டி கேமராவை ஸ்டாண்டிலிருந்து விடுவித்தாள். பூட்டு 'டக்' என்றது.

"என்ன சத்தம்?"

"உயரம் சரிபண்றேன். திறந்துடாதீங்க."

சுற்றிப் போனாள். ஜன்னல் பக்கமாகப் போனால் இமையில் நிழல் விழும் என்று சுவரோடு சுவராக ஒட்டிப் போனாள். அக்காவின் முகத்துக்கு நேரே திரையை நீட்டினாள்.

அக்கா பார்த்தாள். முதலில் அவளுக்கு அது யார் என்றே தெரியாததுபோல இருந்தது. பிறகு தட்டிலிருந்த டம்ளர்கள் ஒன்றோடொன்று உரசிக் கிணுகிணுத்தன. குட்டி தட்டை வாங்கித் தரையில் வைத்தாள். வாசல் பக்கம் தலையை அசைத்தாள். அக்கா மாட்டேன் என்று தலையாட்டினாள். குட்டி மறுபடி திரையைக் காட்டினாள்.

"திறக்கலாமா?"

"இன்னும் இல்ல அத்தான். வெயில் மேகத்துல மறைஞ்சிருக்கு."

சொல்லும்போதே நாக்கைக் கடித்துக்கொண்டாள். வெயில் அவர் முகத்தில் பளீரென்று அடித்துக்கொண்டிருந்தது.

அத்தான் கண்ணைத் திறந்தார்.

எதிரே வெறும் ஸ்டாண்டுதான் நின்றது. அவர் மெதுவாகத் திரும்பினார். அக்கா வாசல் கதவைத் திறந்து, ஒரு காலில் செருப்பை மாட்டியிருந்தாள். குட்டி கேமராவை மார்போடு அணைத்தபடி நடு ஹாலில் நின்றாள்.

"எங்க கிளம்பிட்ட?" குரல் சற்றும் உயரவில்லை.

"அம்மா வீட்டுக்கு" என்றாள் அக்கா, தரையைப் பார்த்து.

"டீ ஆறுது பாரு. வா, வந்து உட்காரு."

அக்காவின் செருப்பில்லாத கால் உள்ளே நகர்ந்தது. குட்டி அதைப் பார்த்தாள். அத்தான் எழுந்தார். அந்த நேரம் பார்த்து எதிர்வீட்டுக்காரர் குப்பைப் பையோடு வெளியே வந்தார்.

"என்ன சார், எல்லாரும் எங்கயோ கிளம்பிட்டீங்க போல?"

அத்தானின் முகத்தில் போட்டோச் சிரிப்பு வந்து உட்கார்ந்தது. "ஆமா சார், பொண்ணுங்க ரெண்டும் அம்மா வீட்டுக்கு."

"போகட்டும் சார், உங்களுக்கும் ஒருநாள் நிம்மதி!"

எதிர்வீட்டுக்காரர் சிரித்து முடிப்பதற்குள் குட்டி அத்தானைத் தாண்டி, அக்காவின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு படியில் இறங்கியிருந்தாள். வகுப்புக்குச் சொந்தமான ஸ்டாண்டை விட்டுவிட்டு வந்தது இரண்டாம் மாடியில் நினைவுக்கு வந்தது. திரும்பிப் பார்க்கவில்லை. இன்னொரு செருப்பைக் கையில் பிடித்தபடியே அக்கா தெருவரை வந்தாள்.

பஸ்ஸில் உட்கார்ந்ததும் குட்டியின் போன் அதிர்ந்தது. அத்தான். அக்காவின் போன் சமையலறையிலேயே கிடந்தது.

"எடுக்காதே" என்றாள் அக்கா.

"எடுத்துத் திட்டட்டுமா?"

"திட்டறதுக்கு அவர் இடமே கொடுக்கமாட்டார். நல்லவிதமாத்தான் பேசுவார். அந்தக் குரலைக் கேட்டா நான் அடுத்த ஸ்டாப்புல இறங்கிடுவேன், குட்டி."

குட்டி போனை இரண்டு கைகளுக்கும் நடுவில் அமுக்கிப் பிடித்தாள். அது பிடிபட்ட பூச்சியைப் போல உள்ளே துடித்து, நின்று, மறுபடி துடித்தது. தான் செய்தது சரிதானா, அக்காவுக்கு இதனால் நல்லது நடக்குமா, இல்லை ஒன்றுக்குப் பத்தாகத் திரும்புமா என்று அவளுக்குத் தெரியவில்லை. அம்மா நம்புவாளா என்பதும் தெரியவில்லை.

அடுத்த நிறுத்தத்தில் பஸ் நின்றது. கதவு திறந்தது. அக்காவின் முழங்கால்கள் வழிப்பக்கம் திரும்பின. குட்டி அவளைப் பிடித்து நிறுத்தவில்லை. யாரோ ஒரு கிழவர் நிதானமாக இறங்கினார். இரண்டு பெண்கள் ஏறினார்கள். கதவு இன்னும் திறந்தே இருந்தது. அக்கா முன் சீட்டின் கம்பியை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டாள். கதவு மூடியது. அவள் பிடியைத் தளர்த்தவில்லை.