முதல் குழாய் குப்பைக்கு

ஹில்டிங்கின் இடது இடுப்பில் இருப்பது உலோக மூட்டு. அது தேய்ந்து ரத்தத்தில் கோபால்ட் கலக்கிறதா என்று பார்க்கச் சொல்லியிருந்தார் அறுவை மருத்துவர். அளவு கூடியிருந்தால் இடுப்பை மறுபடி திறக்க வேண்டும். திறந்தால் செப்டம்பர் எல்க் மான் வேட்டைக்குப் போக முடியாது. வடக்கு ஸ்வீடனில் இடுப்பு இல்லாமல் வாழ்ந்தவர்கள் உண்டு. வேட்டை இல்லாமல் வாழ்ந்தவர்களைப் பற்றித் தகவல் இல்லை.

நர்ஸ் குன்வோர் அவர் கையை முழங்கை வரை தேய்த்துக் கழுவினாள்.

"துப்பாக்கி துடைச்சீங்களா?"

"லேசா."

"லேசா இல்ல. தண்ணி கறுப்பா போகுது."

ஊசி குத்தி ஒரு குழாயை நிரப்பினாள். நிரம்பியதும் அதைக் குப்பையில் போட்டாள்.

"ஏம்மா, அது என் ரத்தம்!"

"முதல் குழாய்ல ஊசியோட உலோகம் ஒட்டிக்கிட்டு வந்திடும். ரெண்டாவதுதான் சோதனைக்குப் போகும்."

"நாங்க உருளைக்கிழங்குத் தோலைக்கூட வீணாக்க மாட்டோம்."

"அப்ப தோலையே அனுப்பவா?"

இரண்டாவது குழாய் நிரம்பும்வரை ஹில்டிங் மூச்சை அடக்கிக்கொண்டிருந்தார். காற்றில் இருக்கும் தூசியெல்லாம் தனக்கெதிராகச் சாட்சி சொல்லிவிடும் என்ற பயம்.

தூசி குற்றமற்றது என்று தெரியவந்தது. கோபால்ட் இருக்க வேண்டியதைப் போல மூன்று மடங்கு இருந்தது. இனி ஆபரேஷன்தான். பெரிய ஆஸ்பத்திரியிலிருந்து தேதியும் வந்தது: வேட்டை தொடங்கும் திங்கட்கிழமை.

"சரி," என்றார் ஹில்டிங். அந்த ஊரில் அதற்கு மேல் யாரும் அழுவதில்லை.

குன்வோருக்கு மனசு கேட்கவில்லை. ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டாள். தேதி கொடுத்தவன் மால்மோவிலிருந்து புதிதாக வந்த பையன். தெற்கத்திக்காரன், வேட்டை அறியாதவன், பாவம்.

"தம்பி, அன்னிக்கு யார் கத்தி பிடிப்பாங்கன்னு பார்த்தியா?"

அவன் பார்த்தான். மருத்துவர் விடுப்பு. மயக்க மருந்து கொடுப்பவர் விடுப்பு. நர்ஸ்களில் பாதிப்பேர் விடுப்பு.

"ஏதாவது தொத்து நோயாக்கா?" என்றான்.

தேதி அக்டோபருக்குப் போனது. மருத்துவரே ஹில்டிங்கைப் போனில் கூப்பிட்டுப் பேசினார். பின்னணியில் வேட்டை நாய் குரைத்தது.

"காட்டுல நடக்கவே கூடாது. ஒரே இடத்துல உட்காரணும். புரியுதா?"

"உட்கார்ந்தா சுடலாமா?"

"உட்கார்ந்துதானே சுடப்போறீங்க!"

அந்தத் திங்கட்கிழமை ஹில்டிங் ஒரு மரத்தடியில் மடக்கு நாற்காலியைப் போட்டு, பொழுது சாயும்வரை அசையவில்லை. மருத்துவர் சொன்னதை அவர் முழுசாகக் கேட்டது வாழ்க்கையிலேயே அதுதான் முதல் தடவை.