ஏழு முறை பதிந்த பெயர்

அந்தப் பெயரைக் கேட்டால் ஊசி போட வந்த நர்சுகூடக் கையை நிறுத்திவிட்டு, "இது எந்தக் காலத்துப் பேருங்க?" என்பாள். பதிவக எழுத்தருக்கு அதில் தலைகால் புரியாத பெருமை. பன்னிரண்டு வருடமாகப் பிறப்பு, இறப்பு எழுதியே கை காய்த்தவள். மகளுடைய பெயர் ஊரில் வேறு எந்த வீட்டிலும் இல்லை என்பது அவளுக்குத் தெரியாதா என்ன!

அந்த மகள் மூன்று வயதில் காய்ச்சலில் போய்விட்டாள். இப்போது எழுத்தருக்கு ஏழாம் மாதம்.

"பொண்ணு பொறந்தா அதே பேருதான்டி. நம்ம வீட்டுப் பேரு, விட்டுடக் கூடாது" என்று அம்மா ஆரம்பித்துவிட்டாள். அம்மாவுக்கும் அதே பெயர்தான்.

எழுத்தர் ஒப்பவில்லை. வரப்போகிறவளுக்கு அவளுக்கென்று ஒரு பெயராவது வேண்டாமா? இந்தப் பெயர் எங்கிருந்துதான் முளைத்தது, பார்த்து அம்மாவின் வாயை அடைத்துவிடலாம் என்று, மதிய இடைவேளைகளில் பழைய பதிவேடுகளைத் தூசி தட்டி இறக்கினாள்.

நூறு வருடத்தில் ஏழு பிறப்பு. ஏழும் அவர்கள் வீட்டில்தான். முதல் குழந்தை இருந்தது பதினோரு நாள். பெயரை விட மனமில்லாமல் அடுத்துப் பிறந்தவளுக்கு வைத்திருக்கிறார்கள். அவளும் போனதும் தங்கைக்கு, தங்கை இல்லையென்றால் அண்ணன் மகளுக்கு. இறப்புப் பதிவேட்டில் ஆறு, ஆறும் பிள்ளை வயதில். ஆறாவதை, தன் மகளுடையதை, எழுதியது அவள் கைதான். அன்று வேறு யாரையும் எழுத விடவில்லை. அதில் இல்லாத ஒரே ஒருத்தி, அம்மா.

வீட்டில் அம்மா துணி மடித்துக்கொண்டிருந்தாள்.

"உனக்குத் தெரியுமாம்மா?"

"தெரியாம என்ன? எனக்கு முன்னாடி ஒரு அக்கா. எங்கம்மா என்னைக் கூப்பிடறப்பல்லாம் கண்ணு கலங்கிடும். என்னையா, அவளையான்னு எனக்குக் கடைசிவரைக்கும் தெரியல."

"தெரிஞ்சுமா என் பொண்ணுக்கு வெச்ச?"

அம்மா மடித்த துணியைப் பிரித்து மறுபடி மடித்தாள். "என்னோடயே அந்தச் சாவெல்லாம் முடிஞ்சிடுச்சுன்னு நெனச்சேன்டி. நான் பொழச்சுக்கிட்டேன்ல."

எழுத்தர் மறுநாள் அலுவலகம் போனாள். தெருவுக்குப் பத்துப் பேருக்கு இருக்கிற சாதாரணப் பெயர் ஒன்றைத் தேர்ந்து, பிறப்புப் படிவத்தில் இப்போதே எழுதிவைத்தாள். தேதி மட்டும்தான் பாக்கி.

பெண்தான் பிறந்தாள். இரண்டாம் நாள் காலையில் வீறிட்டு அழ ஆரம்பித்தவள் பாலுக்கும் அடங்கவில்லை, தட்டலுக்கும் அடங்கவில்லை. எழுத்தர் தோளில் போட்டுக்கொண்டு நடந்தாள். புதுப் பெயரைச் சொல்லித்தான் வாயைத் திறந்தாள். வந்தது பழையது. தன் வாயை நினைத்து அவளுக்கு அருவருப்பாக இருந்தது.

குழந்தை அழுகையை நிறுத்தியது.

அவள் அதையே சொல்லி மறுபடியும் கூப்பிட்டாள்.