முகம் தொடாத ஓமீன்

கழற்றும் அறையில் புருல்கான் சொல்வதுதான் சட்டம். தொற்று நோயாளிகள் இருக்கும் சிவப்புப் பகுதியிலிருந்து வெளியே வருகிறவர் தலைமை மருத்துவராகவே இருந்தாலும், அவள் கண்ணெதிரே நின்று, அவள் சொல்கிற வரிசைப்படிதான் கவச உடையைக் கழற்ற வேண்டும். கண்ணாடித் தடுப்புக்கு இந்தப் பக்கம் முக்காலி போட்டு உட்கார்ந்து, சிறு திறப்பு வழியாகக் குரல் கொடுப்பாள்.

"வெளிக் கையுறைய குளோரின் தண்ணியில முக்கு, ஐனலாயின். அவசரப்படாத. மலை எங்கயும் ஓடிப் போயிடாது."

எல்லாருக்கும் அவள் எஜே, அக்கா; அவளுக்கு எல்லாரும் ஐனலாயின்தான். உன்னைச் சுற்றி வருகிறேன், உன் பிணி எனக்கு வரட்டும் என்று அந்தச் சொல்லுக்குப் பொருள். நாரின் என்கிற அந்த மலையூர்ப் பக்கத்தில் யாரும் பொருளை நினைத்துக்கொண்டு அதைச் சொல்வதில்லை.

அந்த ஜூலையில் மருத்துவமனையில் நாற்பது கட்டில்களும் நிறைந்திருந்தன. துப்புரவுக்கு இரண்டு பேர் இருந்தார்கள். ஒருத்தி காய்ச்சலில் படுத்த பிறகு ஜெய்னெப் மட்டும் மிஞ்சினாள். கவச உடைக்குள்ளேயும் பாடிக்கொண்டே தரை துடைப்பவள்.

ஒரு புதன்கிழமை மதியம் ஒன்பதாம் கட்டிலில் இருந்த முதிய மேய்ப்பர் சத்திபால்தி இறந்துபோனார். எட்டு நாளாக அவருக்குக் கரண்டியால் குமிஸ் என்னும் புளித்த குதிரைப்பால் புகட்டியவள் ஜெய்னெப். கண்கள் சிவந்து வந்து தடுப்புக்கு அந்தப் பக்கம் நின்றாள்.

வெளிக் கையுறை கழன்றது. உடை கழன்றது. கண்ணாடியைக் கழற்றித் தொட்டியில் போட்டாள். உள் கையுறையும் முகக்கவசமும் மீதி இருந்தன. அப்போது முற்றத்திலிருந்து ஆண்களின் அழுகை கேட்டது. உடலைத் தங்கள் கூடாரத்துக்குக் கொண்டுபோக முடியாத பிள்ளைகள் ஜன்னலைப் பார்த்து நின்றிருந்தார்கள். முல்லா கைகளை ஏந்தி, இறந்தவருக்காக பாத்தா என்னும் வேண்டுதலைச் சொன்னார். கேட்கிறவர்கள் ஓமீன், அப்படியே ஆகட்டும் என்று சொல்லி முகத்தை வழிப்பது வழக்கம்.

புருல்கானின் உள்ளங்கைகள் தாமாக எழுந்தன. நடக்கப் பழகிய நாள் முதல் எழுந்து பழகிய கைகள், அவளிடம் அனுமதி கேட்டா எழும்? கண்ணை மூடி, "ஓமீன்" என்று வாய்விட்டுச் சொல்லி, முகத்தை வழித்து இறக்கினாள்.

கண் திறந்தபோது எதிரே ஜெய்னெப்பின் கைகளும் முகத்திலிருந்து இறங்கிக்கொண்டிருந்தன. கையுறையோடு.

"எஜே... நான் இப்ப..."

"ஒண்ணுமில்ல. அதக் கழட்டிப் போடு. கைய நல்லாக் கழுவு. அப்புறம் முகம், கண்ணு."

"மீறல் புத்தகத்துல எழுதணுமே?"

"நான் பாத்துக்கறேன். நீ போய் டீ குடி."

விதி மீறியதை எழுதும் அந்தப் புத்தகத்தை வைக்கச் சொன்னதே புருல்கான்தான். எழுதுகிறவரைத் திட்டக் கூடாது, மறைப்பதுதான் தப்பு என்று ஒவ்வொருவரிடமும் சொன்னவள். எழுதினால் ஜெய்னெப்பைப் பதினான்கு நாள் தனியே வைக்க வேண்டும். அப்புறம் தரையை யார் துடைப்பது? இந்தக் காரணத்தைப் பிடித்துக்கொண்டு புத்தகத்தை மூடினாள். இன்னொரு காரணம் மாலைத் தொழுகையில்தான் அவள் முன்னால் வந்து நின்றது: கையை முதலில் எடுத்தவள் அவள். எழுதினால் அதையும் எழுத வேண்டும்.

ஐந்தாம் நாள் ஜெய்னெப்புக்குக் காய்ச்சல். அவளோடு ஒரே அறையில் படுத்த மூன்று செவிலியரையும் தனியே வைத்தார்கள். ஏழாம் நாள் அவள் அதே சிவப்புப் பகுதியில், ஒன்பதாம் கட்டிலில், ஆக்சிஜன் குழாயோடு கிடந்தாள்.

தலைமை மருத்துவர் சொவெத்பெக் கூட்டம் போட்டார். "மீறல் புத்தகம் சுத்தமா இருக்கு. அப்ப நோய் வெளியிலேர்ந்துதான் வந்திருக்கு. காய்ச்சல் வர்றதுக்கு ஒரு வாரம் முன்னாடி, ஞாயித்துக்கெழம, அவ வீட்டுக்குப் போனா இல்ல?"

"பக்கத்து வீட்டுல தொட்டில் விருந்தாம்" என்றான் ஆம்புலன்ஸ் ஓட்டுநர். "கொதிக்கிற கறி வாசம் வந்தா ஜெய்னெப் ரெண்டு மலை தாண்டி வருவாளே!"

களைத்த முகங்களில் சிரிப்பு வந்தது. ஜெய்னெப் அந்த விருந்துக்குப் போகவில்லை, வேலிக்கு வெளியே நின்று வாழ்த்திவிட்டு வந்தாள் என்பது புருல்கானுக்குத் தெரியும். அவளே சொல்லியிருந்தாள். வாயைத் திறக்க நினைத்தாள். 'தொற்று: மருத்துவமனைக்கு வெளியே' என்று சொவெத்பெக் எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

அன்று தொழுது முடித்துக் கையேந்தினாள். கைகள் முகம்வரை வரவில்லை. பாதியில் மடியில் விழுந்தன.

மறுநாள் காலை கவச உடை போட்டுக்கொண்டு உள்ளே போனாள். கட்டிலருகே நின்றாள். ஐனலாயின் என்று வாயில் வந்த சொல்லை விழுங்கினாள். அதை இனி எந்த முகத்தோடு சொல்வது?

"ஜெய்னெப், அன்னிக்கு நான்தான் முதல்ல கை எடுத்தேன். எழுதாம விட்டதும் நான்தான். இப்ப நீ விருந்துக்குப் போய் நோய வாங்கிட்டு வந்தேன்னு எழுதிட்டாங்க. நான் வாயத் திறக்கல."

ஜெய்னெப்பின் மூச்சுக்கு நடுவே சொற்கள் வந்தன. "கறி கூட... திங்கல எஜே... விருந்துக்குப் போன பழி மட்டும்."

"போய்ச் சொல்லிடறேன். நீ என்னத் திட்டு. திட்டிடு."

"மூச்சு... இல்ல. நல்லானதும்... திட்டறேன்." பிறகு மெல்ல, "தாத்தாவுக்கு அன்னிக்கு... ஓமீன் சொல்ல... நம்ம ரெண்டு பேரு இருந்தோம். அது தப்பில்ல எஜே. மறைச்சதுதான்."

புருல்கான் வெளியே வந்து புத்தகத்தைத் திறந்தாள். எட்டு நாள் முந்தைய தேதியைப் போட்டு, நடந்ததை நடந்தபடி எழுதினாள். முதலில் தன் பெயரை எழுதினாள். அதைக் கொண்டுபோய் சொவெத்பெக்கின் மேசையில் வைத்தாள்.

அவர் இரண்டு முறை படித்தார். "அன்னிக்கே சொல்லியிருந்தா அந்த மூணு பொண்ணுங்களையும் அவகிட்டேர்ந்து பிரிச்சிருப்பேனே, எஜே. உங்கள நம்பித்தானே அந்த முக்காலியக் குடுத்தேன்?"

"தெரியும், ஐயா."

"இனி அதுல நீங்க உக்கார வேணாம்."

"சரி. தரைய யாரு துடைக்கறது?"

அவர் தம் கையெழுத்துப் போட்ட தாளைக் கிழித்தார்.

அன்று முதல் துடைப்பம் புருல்கானுடையது. கவச உடைக்குள் வியர்வை முதுகில் ஓட, நாற்பது கட்டில்களுக்கும் அடியில் குனிந்து துடைத்தாள். ஜெய்னெப்புக்கு மூச்சு சற்றே சீரான நாளில் ஒன்பதாம் கட்டிலிலிருந்து குரல் வந்தது.

"எஜே, கால் மாட்டுல மூலைய விட்டுட்டீங்க."

"விடல. வர்றேன்."

"நான் துடைச்சா பளபளன்னு இருக்கும். நீங்க துடைச்சா ஈரமா மட்டும் இருக்கு."

"திட்டறேன்னு சொன்னியே, இதுதானா?"

"இது ஆரம்பம். மூணு பொண்ணுங்க இருக்காங்கல்ல, அவங்க பங்குக்கும் சேத்துத் திட்டணும்."

மூவரில் இருவருக்கு ஒன்றுமில்லை. ஒருத்திக்கு இன்னும் காய்ச்சல் விடவில்லை. புருல்கான் கட்டிலுக்கு அடியில் குனிந்தபடி வெகுநேரம் ஒரே இடத்தைத் துடைத்தாள்.

அன்று மாலை அவள் கழற்றும் அறைக்கு வந்தாள். முக்காலியில் ஓர் இளம் செவிலி. சுவரில் ஒட்டிய வரிசைக் காகிதத்தின் அடியில், புருல்கான் தன் கையால் புதிதாகச் சேர்த்த வரி இருந்தது: 'பாத்தா கேட்டால் கையை நெஞ்சோடு நிறுத்தவும். முகத்தில் படக் கூடாது. ஆண்டவன் அறிவான்.'

வெளிக் கையுறை. உடை. கண்ணாடி. அப்போது முற்றத்தில் யாரோ யாருக்காகவோ பாத்தா சொன்னார்கள். அவள் கைகள் எழுந்தன.

"எஜே!" என்றாள் முக்காலியிலிருந்தவள்.

கைகள் நெஞ்சுக்கு நேரே நின்றன. கண்களை மூடாமல் புருல்கான், "ஓமீன்" என்றாள். பிறகு, "எழுதிக்கோ, ஐனலாயின். நெஞ்சு வரைக்கும் வந்துச்சுன்னு எழுதிக்கோ" என்றாள்.