கூடைக்குத் துணை

வெற்றிலைக் கூடைக்குத் துணை தேவையில்லை. சோழவந்தான் பக்கத்துக் கொடிக்கால்காரர்கள் மத்தியான பஸ்ஸில் கூடையை ஏற்றிவிட்டு வேலையைப் பார்க்கப் போய்விடுவார்கள். கண்டக்டர் காசிமாயன் அதைக் கடைசி சீட்டுக்குக் கீழே தள்ளுவான். இஞ்சின் சூடு படாத இடம் அது. மதுரை பஸ் ஸ்டாண்டில் கடை ஆள் காளை வந்து இறக்கிக்கொள்வான்.

ஒச்சாயி வீட்டுக் கூடையும் அப்படித்தான் போய்க்கொண்டிருந்தது. ஆடி மாதத்தில் ஒரு நாள் கூடையோடு அவள் மருமகள் சோலையம்மாளும் ஏறினாள். வயிறு தெரிந்தது. ஆஸ்பத்திரிக்குப் போகிறாள் என்று காசிமாயன் நினைத்தான். ஜன்னலோரம் இடம் பிடித்துக் கொடுத்தான்.

மதுரையில் அவள் இறங்கவில்லை. காளை கூடையைத் தூக்கிக்கொண்டு போனதை ஜன்னல் வழியாகப் பார்த்தாள். அதே பஸ்ஸில் திரும்பினாள்.

மறுநாளும் வந்தாள். அதற்கடுத்த நாளும் வந்தாள்.

டிரைவர் முத்திருளன் கண்ணாடியில் கவனித்துவிட்டுக் கேட்டான்.

"அந்தப் பிள்ளை யாரப் பாக்க வருது?"

"யாரையும் பாக்கல. எறங்கவே மாட்டேங்குது."

"பின்ன?"

"கூடையோட வருது. கூடை எறங்குனதும் திரும்பிருது."

"ஏன், கூடைக்கு வழி தெரியாதாமா?"

காசிமாயன் அன்று மதுரையில் காளையிடம் விசாரித்தான். காளை கூடையைத் தலைக்கு ஏற்றிக்கொண்டே சொன்னான்.

"ஒனக்குத் தெரியாதாண்ணே? ஒம் பஸ்ஸுல இலை கொறையுதாம். அதான் காவலுக்கு ஆள் போட்டிருக்காக."

கூடை ஏற்றும் கண்டக்டர் மேல்கட்டிலிருந்து ஒரு பிடி இலை எடுப்பது அந்தத் தடத்தில் வழக்கம். யாரும் எடுத்துக்கொள் என்று சொன்னதில்லை. ஏன் எடுத்தாய் என்று கேட்டதும் இல்லை. அந்த ஒரு பிடிக்காக மாசமாக இருக்கிற ஒருத்தியை வெயிலில் மதுரைக்கு அனுப்புவார்களா என்பது காசிமாயனுக்கு விளங்கவில்லை. வலித்தது. மறுநாள் பெட்டிக்கடையில் வெற்றிலை வாங்கிப் போட்டான். கூடையின் பக்கம் போகவில்லை.

போகாமல் இருந்ததால்தான் காவலைக் கவனித்தான்.

காவல் தூங்கியது. தேனூர் தாண்டுவதற்குள் தலை ஜன்னல் கம்பியில் சாய்ந்துவிடும். வாய் லேசாகத் திறந்திருக்கும். பஸ் பள்ளத்தில் இறங்கி ஏறும்போது தலை கம்பியில் மோதும். விழிக்கமாட்டாள். பக்கத்தில் யார் உட்கார்ந்தாலும் கடைசியில் அவர்கள் தோளில் கிடப்பாள். தோள்காரப் பெண்கள் வயிற்றைப் பார்த்துவிட்டு அசையாமல் இருப்பார்கள்.

"பொய்த்தூக்கம்டா," என்றான் முத்திருளன். "நீ கை வைக்கிறியான்னு பாக்குறா. அரக்கண்ணால பாப்பா."

காசிமாயன் அவள் காதருகே விசிலை ஊதினான். அசையவில்லை. கூடையின் மேல் சாக்கை விலக்கி, சத்தம் வர வாழைச்சருகைப் பிரித்து, ஒரு பிடி எடுத்து அவள் முகத்துக்கு நேராகப் பிடித்தான். எதிர் சீட்டுக் கிழவி ஒருத்திதான் பார்த்தாள்.

"எனக்கும் ரெண்டு குடு," என்றாள்.

திரும்பும்போதும் சோலையம்மாள் தூங்கினாள். அதுதான் அவனை இன்னும் குழப்பியது. கூடை இல்லாத பஸ்ஸில் எதற்குக் காவல்?

ஒரு நாள் மதுரைக்குப் போகும்போது பரவைக்கு முன்னால் ரயில்வே கேட் அடைத்திருந்தது. முத்திருளன் இஞ்சினை நிறுத்தினான். ஆட்கள் வெள்ளரிப்பிஞ்சு வாங்க இறங்கினார்கள். சத்தம் நின்றதும் சோலையம்மாள் கண்ணைத் திறந்தாள். யாரோ பிடித்து எழுப்பிவிட்டது போல விழித்தாள்.

காசிமாயன் அவள் சீட்டருகே போய் நின்றான். வாயில் வெற்றிலை இருந்தது.

"ஏந்தங்கச்சி, ஒண்ணு கேக்கலாமா? காவலுக்கு வந்த ஆளு தூங்கலாமா?"

அவள் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். பின்னால் திரும்பிப் பார்த்தாள். சீட்டு காலியாக இருந்தது.

"தூங்கத்தாண்ணே வாரேன்."

"என்னது?"

"வீட்ல பகல்ல கண்ணசர விடமாட்டாக. மாசமா இருக்கவ பகல்ல தூங்குனா பிள்ளை உப்பிப் போயி எறங்காதும்பாக எங்க அத்தை. உக்காந்தா எந்திரிம்பாக. எந்திரிச்சா தொழுவக் கூட்டும்பாக. வைய வேற மாட்டாக. எல்லாம் என் நல்லதுக்குத்தான்."

"ஒன் வீட்டுக்காரன்?"

"அவரு கப்பலூர் பட்டறையில. ஞாயித்துக்கிழமை வாராரு. படுக்க விடும்மான்னு சொல்லுவாரு. அவரு பஸ் ஏறுனதும் அத்தை எழுப்பிருவாக. நர்சம்மா ரெஸ்ட்டு எடுக்கச் சொல்லிச்சுன்னேன். அந்த நர்சம்மாவுக்கு எத்தனை பிள்ளைன்னு கேட்டாக. அதுக்கு இன்னும் கல்யாணமே ஆகல."

காசிமாயன் சிரிக்கப் பார்த்தான். பிறகு தன் மேல் விழுந்த பழி நினைவு வந்தது.

"ராத்திரி தூங்க வேண்டியதுதான?"

"தூங்குறேன். பத்தல. நாத்து நட்டா அசதி வரும்ல, அது கை கால்ல வரும், படுத்தாப் போயிரும். இது அப்படி இல்லண்ணே. உள்ளருந்து யாரோ கயித்தப் புடிச்சு இழுக்குறாப்புல இருக்கு. நிக்கயில இழுக்குது. சோத்துல கை வைக்கையில இழுக்குது. என்னன்னே தெரியல." அவள் வயிற்றைப் பார்த்தாள். அதனிடமும் கேட்டது போல இருந்தது. "ஒரு நா ஆஸ்பத்திரிக்குப் போக பஸ் ஏறுனேன். அம்புட்டுத்தான் தெரியும். மதுரையில எழுப்புனாக. அப்படி ஒரு தூக்கம் நான் தூங்குனதே இல்ல. பஸ்ஸுல தூங்குறவளை யாரும் எழுப்ப மாட்டாகள்ல?"

"அதுக்கு என்னைத் திருடனாக்கிட்ட."

"வேற என்னண்ணே சொல்ல? பஸ்ஸுல இலை கொறையுதாம், கூடப் போயி வாரேன்னேன். சும்மாத்தான் சொன்னேன்." அவன் வாயில் இருந்த வெற்றிலையைப் பார்த்தாள். "நீங்க நெசமாவே எடுக்குறீகன்னு சத்தியமா எனக்குத் தெரியாது."

காசிமாயன் மெல்வதை நிறுத்தினான். ரயில் வந்தது. அது போய் முடிகிறவரை இரண்டு பேரும் அதைப் பார்த்தார்கள். முத்திருளன் இஞ்சினைப் போட்டான். அவள் இன்னும் ஏதோ சொல்ல வந்தாள். கேட் தாண்டுவதற்குள் தலை சாய்ந்துவிட்டது.

அன்று வீட்டில் சாப்பிட்டுக்கொண்டே மனைவி மலையம்மாளிடம் கேட்டான். அவர்களுக்கு மூன்று பிள்ளைகள்.

"மாசமா இருந்தப்ப ஒனக்கும் தூக்கம் வந்துச்சா?"

மலையம்மாள் அவனை ஒரு மாதிரி பார்த்தாள். "ஆட்டுக்கல்லுல மாவாட்டிக்கிட்டே தூங்கியிருக்கேன். கண்ணு மூடியிருக்கும். கை சுத்திக்கிட்டே இருக்கும்."

"எனக்குத் தெரியாதே."

"மாவு நல்லா இருக்குன்னு தின்னீக." ரசத்தை ஊற்றினாள். "எதுக்குக் கேக்குறீக? இப்ப யாரு மாசமா இருக்கா?"

ஆவணி பிறந்தது. ஒரு மத்தியானம் கொடிக்கால் ஸ்டாப்பில் ஒச்சாயியே கூடையோடு நின்றாள். சோலையம்மாள் பின்னால் நின்றாள். அவள் முகம் வெளுத்திருந்தது.

காசிமாயன் இறங்கிக் கூடையைத் தூக்கப் போனான். ஒச்சாயி கூடையின் மேல் கையை வைத்தாள்.

"இருப்பா. ஒண்ணு பேசணும். ஒரு பிடி எல்லாரும் எடுக்குறதுதான். நான் அதுக்குச் சண்டைக்கு வரல. ஆனா மாசமான பிள்ளை இப்படி நெதம் பஸ்ஸுல குலுங்குறது நல்லதில்ல. ஊருல ஒரு மாதிரி பேசுறாக. அதனால ஒரு முடிவு சொல்லு."

மடியிலிருந்து ஒரு வெற்றிலையை எடுத்து உள்ளங்கையில் விரித்து நீட்டினாள்.

"இதுல அடிச்சுச் சத்தியம் பண்ணு, இனிமே தொடமாட்டேன்னு. கூடை தனியா வரட்டும். இவ வீட்ல கெடக்கட்டும். நீ நல்லவன்னு நானே ஊருல சொல்றேன்."

பஸ்ஸின் அந்தப் பக்கத்து ஜன்னல்களில் எல்லாம் தலைகள் இருந்தன. காசிமாயனுக்குக் கொடிக்கால் இலையில் கை அடித்துச் சத்தியம் செய்வதில் கஷ்டம் ஒன்றும் இல்லை. பெட்டிக்கடை இலை அவனுக்குப் பழகிவிட்டது. பேரும் மீண்டுவிடும்.

சோலையம்மாள் அவனைப் பார்க்கவில்லை. பஸ்ஸின் உள்ளே, காலியாக இருந்த ஜன்னலோர சீட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அவன் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டான்.

"சத்தியம் வேணாம் ஆத்தா."

"ஏன்?"

"பண்ணிட்டு மீற முடியாது. எனக்குக் கை நிக்காது."

ஜன்னலில் யாரோ சிரித்தார்கள்.

"என்னப்பா வெக்கமில்லாமச் சொல்ற?"

"உள்ளதச் சொல்றேன். ஆளு கூட வந்தா பயம் இருக்கும். இல்லாட்டி ஒரு பிடியோட நிக்காது."

ஒச்சாயி வெற்றிலையை மடக்கினாள். அவனை மேலும் கீழும் பார்த்தாள்.

"அப்ப நானே வாரேன். தள்ளு."

சோலையம்மாள் கண்ணை மூடினாள். டிரைவர் சீட்டிலிருந்து முத்திருளன் எட்டிப் பார்த்தான். காசிமாயன் சொல்லி அவனுக்கு எல்லாம் தெரியும்.

"ஏறு ஆத்தா, ஏறு. திரும்பி வாரதுக்குள்ள பொழுது சாஞ்சிரும். சாயங்காலம் மாட்ட யாரு கறப்பா?"

ஒச்சாயி படியில் வைத்த காலை எடுத்தாள். அந்த மாடு அவளைத் தவிர யாருக்கும் கறக்காது. பிறகு மருமகளின் முந்தானையைச் சரிசெய்து விட்டாள்.

"பாத்து உக்காரு. கூடைமேல ஒரு கண்ணு இருக்கட்டும். இவன் மூஞ்சியே சரியில்ல."

பஸ் கிளம்பியது. காசிமாயன் டிக்கெட் கிழித்துக்கொண்டு போனான். முதல் சீட்டுக்காரி தன் பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். அடுத்தவளும் எடுத்தாள். அவன் சோலையம்மாளிடம் வந்தபோது அவள் டிக்கெட்டுக்குக் கையை நீட்டியபடியே தூங்கிப்போயிருந்தாள். டிக்கெட்டை விரல்களுக்கு நடுவில் செருகினான். விரல்கள் தாமாக மூடிக்கொண்டன. சற்று நேரம் அந்தக் கையைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

கேட் அடைத்திருந்தது. பக்கத்துச் சுவரில் குடும்பக் கட்டுப்பாட்டு முக்கோணம் வெயிலில் வெளுத்துக் கிடந்தது. வெள்ளரிப்பிஞ்சுக்காரி ஜன்னல் ஜன்னலாக வந்தாள். முத்திருளன் இஞ்சினை நிறுத்தவில்லை. பஸ் நின்ற இடத்தில் உதறிக்கொண்டிருந்தது.

"டீசல் போகுதேப்பா," என்றார் முன் சீட்டுப் பெரியவர்.

"நிறுத்துனா ஸ்டார்ட் ஆகாதுங்க," என்றான் முத்திருளன்.

காசிமாயன் கடைசி சீட்டுக்குப் போனான். கூடையில் இலை குறையாவிட்டால் கடையிலிருந்து கணக்குச் சரி என்று சொல்லி அனுப்புவார்கள். அப்புறம் துணை தேவைப்படாது. சாக்கை விலக்கினான். எல்லோரும் பார்க்க இரண்டு பிடி எடுத்தான். ஒன்றை முத்திருளனுக்குக் கொடுத்தான்.